ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: வன்பொருள் முதலீடும் நம் வளாகங்களும்

வன்பொருள் தயாரிக்கும் சிறிய புத்தொழில் நிறுவனம் ஒன்றில் பணம் போடலாமா என்று கேட்டால், நம் கல்வி வளாகங்களில் இரண்டே விடைகள் கிடைக்கின்றன. 'வன்பொருளா? கையைச் சுட்டுக்கொள்ளாதே' என்பது ஒன்று. 'நாட்டுக்குத் தேவை இதுதான், கணக்குப் பார்க்காதே' என்பது மற்றொன்று. முன்னது எச்சரிக்கை போலவும் பின்னது இலட்சியம் போலவும் ஒலிக்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இரண்டிலும் யாரும் பென்சிலைக் கையில் எடுப்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவைத்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம். ஆனால், அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்வுக்கூடங்களின் வாசலில் நின்றுகொண்டு, அளக்காமல் போடவும் அளக்காமல் மறுக்கவும் பழகியிருக்கிறோம்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் சூடுபிடித்திருக்கிறது என்பது தெரிந்ததே. 2025 ஏப்ரலில் டெல்லியில் நடந்த ஸ்டார்ட்அப் மகாகும்பம் நிகழ்வில், மத்திய வர்த்தகத் துறை அமைச்சர் பியூஷ் கோயல், நம் புத்தொழில் நிறுவனங்கள் உணவு விநியோகத்தோடும் விலையுயர்ந்த ஐஸ்கிரீமோடும் நிறைவடைந்துவிடுகின்றனவா என்ற பொருளில் கேள்வி எழுப்பிச் சீனாவோடு ஒப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில், ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்கத்துக்கென 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அன்றுமுதல் 'ஆழ்தொழில்நுட்பம்' என்ற சொல் பட்டமளிப்பு விழாக்களிலும் முன்னாள் மாணவர் சந்திப்புகளிலும் தவறாமல் ஒலிக்கிறது. வளாகத்தில் பிறந்த கருவிக்கு வளாகத்தாரே முதலிட வேண்டும் என்ற அறவுரையும் கூடவே வருகிறது.

அறவுரை வழங்குவது எளிது. அதை நம்பிப் பணம் போடுபவர் யார்? பெரும் முதலீட்டு நிதியங்கள் அன்று. அவர்களிடம் வழக்கறிஞர்களும் கணக்காயர்களும் இருக்கிறார்கள். இருபது நிறுவனங்களில் பதினைந்து கவிழ்ந்தாலும் தாங்கும் பரப்பும் இருக்கிறது. பணம் போடுபவர்கள், மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் மிச்சம்பிடித்த இளநிலை ஆய்வாளர், பணி ஓய்வை நெருங்கும் பேராசிரியர், நண்பனுக்காக வாட்ஸ்அப் குழுவில் ஐம்பதாயிரம் அனுப்பும் முன்னாள் மாணவர், மகனின் கனவுக்காக வைப்புத்தொகையை உடைக்கும் பெற்றோர். இவர்களுக்கு இருபது நிறுவனங்கள் இல்லை; ஒன்றே ஒன்றுதான். ஆகவே, இடரை எடைபோடுவது எப்படி என்ற கேள்வி இவர்களுக்கே முதன்மையானது. அதைக் கற்றுத்தராமல் கைதட்டக் கற்றுத்தருவது பொறுப்பற்ற செயல் என்பது என் வாதம்.

முதலில், 'வன்பொருள் கடினம்' என்ற முழக்கத்தை உடைத்துப் பார்ப்போம். எது கடினம்? கருத்தா, மின்சுற்றா, உற்பத்தியா, விற்பனையா? முழக்கம் இதைச் சொல்லாது. ஒரு கணக்குப் போட்டால் அது சொல்லும். எண்கள் கற்பனை, ஆனால் இத்தொழிலில் இருப்பவர் எவரும் இவற்றைக் கண்டு வியக்கமாட்டார்.

ஏரிநீரின் தரத்தை அளந்து செல்பேசி வலையமைப்பு வழியே அனுப்பும் சிறு கருவி ஒன்று என்று கொள்வோம். வரி நீங்கலாக விற்பனை விலை 6,000 ரூபாய். உதிரிபாகங்களுக்கு 3,000 ரூபாய். பொருத்துதல், சோதித்தல், பெட்டியிடல் 700 ரூபாய். பழுதாகித் திரும்பிவருவதைச் சீர்செய்ய 400 ரூபாய். விநியோகஸ்தருக்கு 20 விழுக்காடு, அதாவது 1,200 ரூபாய். ஒரு கருவிக்கு மிஞ்சுவது 700 ரூபாய். ஆயிரம் கருவியும் விற்றுத் தீர்ந்தால் 7 லட்சம். ஆனால், பிளாஸ்டிக் கூடு வார்க்கும் அச்சுக்கு 12 லட்சம், பாதுகாப்புச் சோதனைக்கும் வானலைப் பயன்பாட்டு ஒப்புதலுக்கும் 4 லட்சம், ஆக 16 லட்சம் ஒருமுறைச் செலவு உண்டு. ஆயிரத்தையும் விற்றுமுடித்த அன்று நிறுவனம் 9 லட்சம் நட்டத்தில் நிற்கும். அந்த 16 லட்சத்தை மீட்கவே ஏறத்தாழ 2,300 கருவிகள் விற்க வேண்டும். சம்பளத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது காலத்தைச் சேருங்கள். உதிரிபாகங்களுக்கு முன்பணம் செலுத்தி அவை வந்துசேர மூன்று மாதம். உற்பத்திக்கு ஒரு மாதம். பொருளைக் கொடுத்தபின் அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ பணம் தர ஆறு மாதம். மொத்தம் பத்து மாதம். ஆறு பேருக்குத் தலைக்கு 40,000 ரூபாய் சம்பளம் என்றால் பத்து மாதத்தில் 24 லட்சம். உதிரிபாகம் 30 லட்சம், பொருத்துதல் 7 லட்சம், ஒருமுறைச் செலவு 16 லட்சம். ஆக, முதல் ரூபாய் உள்ளே வருவதற்குமுன் 77 லட்சம் வெளியே போயிருக்கும். உதிரிபாகங்களின்மேல் கட்டிய சரக்கு சேவை வரி, 18 விழுக்காடு என்றால், இன்னொரு 5 லட்சத்துக்கும் மேல்; விற்பனை நடக்கும்வரை அதுவும் முடங்கிக் கிடக்கும்.

இந்த 77 லட்சத்தில் 'கண்டுபிடிப்பு' எங்கே இருக்கிறது? எங்குமில்லை. கண்டுபிடிப்பு முன்மாதிரியோடு முடிந்துவிட்டது. நம் விருது விழாக்களும் செய்முறை விளக்கங்களும் முடியும் இடத்தில்தான் முதலீட்டின் உண்மையான இடர் தொடங்குகிறது. மேசைமேல் ஒளிரும் ஒற்றைக் கருவியைப் பார்த்துப் பணம் போடுபவர், திருமண அழைப்பிதழைப் பார்த்துக் குடும்பத்தின் வரவுசெலவை மதிப்பிடுபவருக்கு ஒப்பாவார்.

மென்பொருளில் பழகிய கண்ணுக்கு இது புலப்படாது. அங்கே இரண்டாவது படிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிழையை நள்ளிரவில் திருத்தி விடியுமுன் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். வன்பொருளில் ஒவ்வொரு பிழைக்கும் எடையும் முகவரியும் உண்டு. மின்சுற்றுப் பலகையில் ஒரு தடத்தை மாற்றினால் சில வாரங்கள். அச்சில் ஒரு மூலையை மாற்றினால் சில லட்சங்கள். 2021-இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது, மிகச் சாதாரணமான மைக்ரோகண்ட்ரோலர்கள்கூடப் பல மடங்கு விலையேறின. பதிவுசெய்து ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. இலட்சக்கணக்கில் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கே முதல் பங்கு. ஆயிரம் கேட்பவன் வரிசையின் கடைசியில். பயனர் எண்ணிக்கை மாதந்தோறும் எவ்வளவு பெருகியது என்று கேட்கும் முதலீட்டாளர், இந்த வரிசையில் நம் நிறுவனம் எங்கே நிற்கிறது என்று கேட்பதில்லை.

கற்பனைக் கணக்கு போதும், நடந்தவற்றைப் பார்ப்போம்.

சிம்ப்யூட்டரை இன்றைய மாணவர்கள் அறியமாட்டார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி அது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும், இந்திய மொழிகளில் பேச வேண்டும், விலை 9,000 ரூபாய் அளவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளிவந்தபோது உலக நாளேடுகள் பாராட்டின. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரிக்க, 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தொடுதிரையும், கையசைவை உணரும் உணரியும் அதில் இருந்தன. ஐபோன் வந்தது 2007-இல். தொழில்நுட்பத்தில் இதற்குமேல் எந்தச் சான்றிதழ் வேண்டும்? ஆனால் விற்றது சில ஆயிரங்களே. குறைந்த விலை பெரிய எண்ணிக்கையை நம்பியிருந்தது. பெரிய எண்ணிக்கையோ அரசுகளின் கொள்முதலை நம்பியிருந்தது. அந்தக் கொள்முதல் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் செல்பேசி மலிவாகிக்கொண்டே போயிற்று. சிம்ப்யூட்டரைக் கவிழ்த்தது அறிவுப் பஞ்சமன்று, கொள்முதல் ஆணைப் பஞ்சம். இருபது ஆண்டுகளாக நாம் அதை 'காலத்துக்கு முந்திய கண்டுபிடிப்பு' என்று பெருமையோடு குறிப்பிட்டு, பாடத்தைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

பெங்களூருவின் நோஷன் இங்க் மற்றொரு வகை. ஆடம் என்ற டேப்லெட்டை 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டியது. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, அன்றைய நிலையில் முன்னணிச் சில்லு; பார்த்தவர்கள் வியந்தார்கள். அதே மாதம் ஐபேட் அறிவிக்கப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஆடம் அனுப்பப்படத் தொடங்கியது 2011 ஜனவரியில். காட்சிக்கும் கைக்கும் இடையிலான அந்த ஓராண்டில் சந்தையே வேறு சந்தையாகியிருந்தது. காலதாமதம் மென்பொருளில் மனவருத்தம். வன்பொருளில் அதுவே மூலதன இழப்பு.

ஆகாஷ் டேப்லெட்டை நினைவிருக்கலாம். 2011 அக்டோபரில் ஆரவாரத்தோடு அறிமுகமானது. தயாரித்த டேட்டாவிண்ட் வெளிநாட்டில் தலைமையகம் கொண்டது. அதைச் சிறு நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு நேர்ந்தது சிறு நிறுவனங்களுக்கே கூடுதல் பாடம். கொள்முதல் பொறுப்பு அன்று ஐ.ஐ.டி. ராஜஸ்தானிடம் இருந்தது. எந்தச் சோதனையில் தேறினால் கருவி ஏற்கப்படும் என்பதிலேயே இரு தரப்புக்கும் தகராறு மூண்டு, 2012-இல் திட்டம் ஐ.ஐ.டி. பம்பாய்க்கு மாற்றப்பட்டது. ஏற்புச் சோதனையின் அளவுகோலைத் துல்லியமாக எழுதிக் கையொப்பமிடாத கொள்முதல் ஆணை, ஆணையே அன்று. பெரிய நிறுவனம் அந்தத் தகராறில் ஓராண்டு காத்திருக்கலாம். நம் கணக்கில் கண்ட ஆறு பேர் நிறுவனம் இரண்டு மாதம் தாங்காது.

'வென்றவர்களும் இருக்கிறார்களே' என்பீர்கள். உண்டு. அவர்களையும் அளந்தே பார்ப்போம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர், வாடிக்கையாளர் கையில் முதல் ஸ்கூட்டரைக் கொடுத்தது 2018-இல். இடையில் 2016-இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய் முதலிட்டது. 2023 ஜூனில் மின்-இருசக்கர வாகன மானியத்தின் உச்சவரம்பு விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 ஆக ஒரே அறிவிப்பில் குறைக்கப்பட்டது. 2025 மே மாதம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டபோதும் நிறுவனம் நட்டத்திலேயே இருந்தது. இது தோல்விக் கதையன்று. நம் நாட்டு வன்பொருள் வரலாற்றின் மிகச் சிறந்த வெற்றிகளுள் ஒன்று. அந்த வெற்றிக்கே பன்னிரண்டு ஆண்டுகளும் பெரிய தொழிற்குழுமத்தின் பொறுமையும் தேவைப்பட்டன. மூன்றாண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தேவைப்படும் பணத்தை இங்கே போடக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஐ.ஐ.டி. பம்பாயிலிருந்து கிளம்பி 2007-இல் நிறுவப்பட்ட ஐடியாஃபோர்ஜ், ட்ரோன் தயாரிப்பில் முன்னோடி. இராணுவமும் காவல்துறைகளும் அதன் பெரிய வாடிக்கையாளர்கள். 2023-இல் பங்கு வெளியீட்டுக்கு நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. 2023–24 நிதியாண்டில் 314 கோடியாக இருந்த வருவாய், அடுத்த நிதியாண்டில் 161 கோடியாகச் சரிந்தது, லாபம் நட்டமாயிற்று. ஓராண்டில் அதன் பொறியாளர்கள் அறிவை இழந்துவிட்டார்களா? இல்லை. பாதுகாப்புத் துறை ஆணைகள் எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை. பதினெட்டு ஆண்டு அனுபவமும் பங்குச்சந்தைப் பணமும் உள்ள நிறுவனத்தையே வாங்குவோரின் நாட்காட்டி இவ்வளவு ஆட்டிவைக்கும் என்றால், சிறு நிறுவனத்தின் இடர் எங்கே இருக்கிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதை ஆய்வாளர்களுக்குப் பழகிய மொழியில் சொல்கிறேன். ஒரு வன்பொருள் நிறுவனம் ஐந்து வாயில்களைக் கடக்க வேண்டும்: கருவி வேலை செய்ய வேண்டும், ஆயிரம் கருவிகளை ஒரே தரத்தில் தயாரிக்க முடிய வேண்டும், சட்டப்படியான ஒப்புதல்கள் கிடைக்க வேண்டும், வாங்குவோர் இருக்க வேண்டும், பணம் தீருமுன் பணம் வர வேண்டும். ஒவ்வொன்றையும் கடக்க 80 விழுக்காடு வாய்ப்பு உண்டென்றும் அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் கொண்டால், ஐந்தையும் கடக்கும் வாய்ப்பு 33 விழுக்காடு. வாங்குவோர் என்ற வாயில் மட்டும் 30 ஆக இருந்தால் மொத்த வாய்ப்பு 12. இப்போது தொழில்நுட்பத்தை 80-இலிருந்து 95-ஆக உயர்த்த இன்னும் ஈராண்டு ஆய்வகத்தில் உழைத்தால், மொத்தம் 15-க்குத்தான் ஏறும். வாங்குவோர் வாயிலை 30-இலிருந்து 60-ஆக உயர்த்தினாலோ 25-ஐத் தொடும். மிக நலிந்த வாயிலில்தான் முயற்சியும் பணமும் முதலில் செல்ல வேண்டும். நம் வளாகங்களோ, நமக்குப் பிடித்த வாயிலிலேயே, அதாவது முதல் வாயிலிலேயே, மீண்டும் மீண்டும் பணத்தைக் கொட்டுகின்றன. முன்மாதிரிக்கு மானியம் 10 லட்சம்வரை தரும் நிதி பிரயாஸ் இருக்கிறது. 20 லட்சம்வரை மானியம் தரும் புத்தொழில் விதைநிதித் திட்டம் இருக்கிறது. நம் கணக்கின் 77 லட்சம் தேவைப்படும் இடத்தில் அதே விதைநிதி தருவது 50 லட்சம்வரை. அதுவும் கடனாகவோ கடனை ஒத்த பத்திரமாகவோ. சரிவு தொடங்கும் இடத்தில்தான் படிக்கட்டு முடிகிறது.

இனி கசப்பான பகுதி. வாங்குவோர் இல்லை என்று புலம்பும் நாமே வாங்குவோர்தாம். நாட்டின் ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் உணரிகள், அளவீட்டுக் கருவிகள், சோதனைச் சாதனங்கள் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் துறையின் கடைசி டெண்டர் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டு விற்றுமுதல், இதே கருவியை இதற்குமுன் வேறு நிறுவனங்களுக்கு வழங்கியதற்கான சான்று, குறிப்பிட்ட வெளிநாட்டு மாதிரியின் விவரத்தாளிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதிய தொழில்நுட்ப நிபந்தனை. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், தரமும் தொழில்நுட்பத் தகுதியும் இருக்குமானால் புத்தொழில் நிறுவனங்களுக்கு விற்றுமுதல், முன்னனுபவ நிபந்தனைகளைத் தளர்த்த இடமளிக்கின்றன. தளர்த்தலாம் என்ற சொல்லைத் தளர்த்த வேண்டாம் என்று வாசிக்கும் திறமை நம் கொள்முதல் குழுக்களுக்கு உண்டு. காலையில் இன்குபேட்டர் திறப்பு விழாவில் தற்சார்பு பேசி, மாலையில் அதே இன்குபேட்டரின் கருவியைத் தகுதிநீக்கம் செய்யும் ஆவணத்தில் கையொப்பமிடுகிறோம்.

'தணிக்கை பயம்' என்பது வழக்கமான சமாதானம். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆய்வுக்கான தனிச்சிறப்புக் கருவிகளை ஜெம் தளத்துக்கு வெளியே வாங்க அனுமதிக்கும் அதிகாரமும் இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் தரப்பட்டது. நம் கற்பனைக் கருவியின் விலை 6,000. முப்பது வாங்கினால் 1,80,000. வரி சேர்ந்து வரம்பைத் தாண்டும் என்று அஞ்சினால் இருபத்தைந்து வாங்குங்கள். நாற்பது துறைகள் இப்படி வாங்கினால் ஆயிரம் கருவிகள். இவ்வளவையும் நாம் செய்திருக்க முடியும் என்பதுதான் எல்லாச் சமாதானங்களையும் வெறுமையாக்குகிறது.

வாங்கினால் மட்டும் போதாது. பணம் கொடுக்க வேண்டும். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இருக்கும் ஒரே வாடிக்கையாளர்மீது வழக்குத் தொடுக்கும் துணிவு எந்தச் சிறு நிறுவனத்துக்கு உண்டு? எனவே சட்டம் ஏட்டிலும் விலைப்பட்டியல் நம் நிதி அலுவலகத்தின் மேசையிலும் உறங்குகின்றன. அந்தத் தாமதத்துக்குக் கடன் கொடுப்பவர் யார்? வைப்புத்தொகையை உடைத்த பெற்றோரும் உதவித்தொகையில் மிச்சம்பிடித்த ஆய்வாளருந்தான். வங்கிக் கடனென்றால், நிறுவனத்தின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்பது காகிதத்தில் மட்டும். இருபத்தாறு வயது இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கப்படும். 'இது அதிக இடருள்ள துறை' என்று நாம் கைவிரிக்கும்போது, இடர் மறைந்துவிடுவதில்லை; தாங்க வலுவற்றவரின் தோளுக்கு இடம்மாறுகிறது.

ஆகவே, நண்பர்களே, பணம் போடச் சொல்லி உங்களிடம் யாரேனும் வந்தால், கருவியைப் பாராட்டிவிட்டு நான்கு தாள்களைக் கேளுங்கள். முதலாவது, உதிரிபாகப் பட்டியல்: நூறுக்கு என்ன விலை, ஆயிரத்துக்கு என்ன விலை, எந்தப் பாகம் ஒரே ஒரு நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கிறது. இரண்டாவது, மாதவாரிப் பண வரவுசெலவு அட்டவணை: வாங்குவோர் மூன்று மாதம் தாமதித்தால் கையிருப்பு எந்த மாதத்தில் தீரும். மூன்றாவது, கையொப்பமிட்ட ஆணை: ஏற்புச் சோதனை என்ன, பணம் எத்தனை நாளில். வாழ்த்துக் கடிதமும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆணையாகா. நான்காவது, உரிமைப் பத்திரம்: காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, கல்வி நிலையத்தின் பெயரில் இருந்து உரிமம் மட்டும் பெறப்பட்டதா, அந்த உரிமம் எப்போது முடியும், வார்ப்பு அச்சு யாருக்குச் சொந்தம். அச்சு ஆலைக்காரரிடம் இருந்து, சொந்தமும் அவருக்கே என்றால், நீங்கள் முதலிட்டது வேறொருவரின் தொழிற்கூடத்தில்.

கொடுக்கும் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். பத்துக் கருவி, ஐம்பது கருவி, இருநூறு கருவி என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தபின் அடுத்தது. இருநூறில் தெரியவரும் தவறுக்கு ஆகும் விலை, ஆயிரத்தில் தெரியவரும் தவறின் விலையில் சிறு பகுதியே. வாட்ஸ்அப் குழுவில் தொகை திரட்டுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். தனிப்பட்ட முறையில் பங்கு வழங்க, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்கக் கம்பெனிகள் சட்டம் இடம்தரவில்லை. பொது விளம்பரமும் கூடாது. பணம் பெற்ற 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். பொதுமக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிப் பங்கு தரும் இணையவழி முறைக்கு இந்தியாவில் அனுமதியில்லை. காகிதமில்லாமல் கொடுத்த ஐம்பதாயிரம் முதலீடும் அன்று, கடனும் அன்று. நட்பு முறிவுக்கான முன்பணம்.

'இவ்வளவு கேட்டால் எவரும் முதலிட மாட்டார்கள். கனவுகள் கருகிவிடும்' என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். நடப்பது இதற்கு நேர்மாறு. அளக்கப்படாத இடர்தான் அச்சத்தை வளர்க்கிறது. ஒரு நிறுவனம் கவிழ்ந்ததும் 'வன்பொருளே அப்படித்தான்' என்று ஊர் பேசி, அடுத்த பத்து நிறுவனங்களுக்குக் கதவை அடைக்கிறது. எந்த வாயிலில் கவிழ்ந்தது என்று எழுதிவைத்திருந்தால் அடுத்தவர் அந்த வாயிலுக்கு ஆயத்தமாகச் சென்றிருப்பார். மேலும், இந்த நான்கு தாள்களையும் தயாரிக்கும் முயற்சியிலேயே நிறுவனர் தம் தொழிலைக் கற்றுக்கொள்கிறார். கேள்வி கேட்கும் முதலீட்டாளரே அவருக்குக் கிடைக்கும் முதல் நல்ல ஆசிரியர். கைதட்டி அனுப்புபவர் அல்லர்.

'இலாபநோக்கின் அளவுகோலை அறிவின்மீது திணிக்கிறாய்' என்ற மறுப்பும் வரும். அறிவைத் தேடும் ஆய்வுக்குப் பொதுப்பணம் மானியமாக வர வேண்டும்; திரும்பிவர வேண்டியதில்லை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவரின் சேமிப்பை 'முதலீடு' என்ற பெயரில் வாங்கிக்கொண்டு, திரும்பக் கேட்டால் 'ஆய்வு' என்று சொல்வது இரண்டுக்கும் செய்யும் அவமதிப்பு. நன்கொடை என்றால் நன்கொடை என்று கேளுங்கள், கொடுப்போம்.

நம் நாட்டில் கருவி செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதைச் சிம்ப்யூட்டர் முதல் ட்ரோன்வரை எல்லாமே காட்டிவிட்டன. ஆகவே, அறவுரை சொல்லும் ஒவ்வொரு பேராசிரியரிடமும், மேடையேறும் ஒவ்வொரு இயக்குநரிடமும், இன்குபேட்டர் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் அச்சிடும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இரண்டு எண்களைக் கேளுங்கள். சென்ற நிதியாண்டில் இந்திய வன்பொருள் புத்தொழில் நிறுவனங்களிடமிருந்து எத்தனை கருவிகள் வாங்கினீர்கள்? விலைப்பட்டியல் வந்த நாளிலிருந்து எத்தனையாவது நாளில் பணம் கொடுத்தீர்கள்? இந்த இரண்டு எண்களும் நிதி அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாயில் கேட்டுப் பெறலாம். அவற்றைச் சொல்ல மறுப்பவருக்கு, ஒரு மாணவரின் சேமிப்பை எங்கே போடலாம் என்று அறிவுரை சொல்லும் தகுதி இல்லை.